ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாள்

செந்தூல் அக்கா

மகளிர் எழுவர் ரக்பியில் ஆடியவர்கள், பார்த்தவர்கள், என்னைப் போல் எடுபிடி வேலை செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

மகளின் இடைநிலைப்பள்ளியிலிருந்து தொண்டூழியர் தேவை என்று கடிதம் வந்தது. படிவம் நான்கு மாணவிகள் போகலாம், கூட ஒரு பெற்றோர் வர வேண்டும். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா பக்கம் ஒரு திடல், இரண்டு நாள் போட்டி, பல நாட்டுப் பெண்கள் அணிகள். எனக்குக் கொடுத்த வேலை ஐஸ். நான்கு நீலப் பெட்டிகள், மூட்டை மூட்டையாக ஐஸ், ஒரு மரச் சுத்தியல். கூடாரம் போடுவதாகச் சொன்ன ஏற்பாட்டாளர்கள் பதினொரு மணிவரை கண்ணில் படவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. 7 நிமிடம் ஓடுகிறார்கள், சற்று மூச்சு வாங்குகிறார்கள், இன்னொரு 7 நிமிடம், முடிந்தது. ஒரு மூட்டை ஐஸை உடைப்பதற்குள் ஓர் அணி தோற்று வெளியே வந்துவிடுகிறது. பதினைந்து பேர் ஆடும் அதே அளவுத் திடலில் ஏழு பேர் என்றால் ஓடாமல் என்ன செய்வது? புள்ளி எடுத்த அணியே மறுபடியும் பந்தை உதைத்துத் தொடங்குகிறதே, அது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாம் நாள் அம்மா சோறு கொண்டு வந்தார். தோட்டத்தில் சடுகுடு பார்த்து வளர்ந்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிடித்தவளை எதற்கு விடுகிறாள்?" என்று கேட்டார். கீழே சாய்த்ததும் பிடியை விட்டுவிட வேண்டும், சாய்ந்தவளும் பந்தை விட்டுவிட வேண்டும் என்று மகள் விளக்கினாள். "எங்கள் காலத்தில் பிடித்தவளை இப்படி விட்டால் அன்றைக்கே அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்கு இடி எச்சரிக்கைச் சங்கு ஊதி எல்லாரையும் கூரைக்குக் கீழ் விரட்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மழையில்தான் ஃபிஜிக் கிளப் அணிப் பெண் ஒருத்தி என் பெட்டிக்கு வந்தாள். நடுவிரல் முட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கையை அப்படியே ஐஸுக்குள் முழங்கைவரை விட்டாள். மணிக்கட்டில் சுற்றிய வெள்ளை டேப்பில் நீலப் பேனாவால் ஒரு பெயர். அவளுடைய அம்மாவாம். வியர்வையில் பாதி எழுத்து கரைந்திருந்தது. என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு திருத்தமாக "வணக்கம்" என்றாள்.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் படித்தது சங்கம் பள்ளியாம். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், 1926-இல் ஃபிஜியின் நான்டியில் தொடங்கியது. அதன் பள்ளிகளில் ஃபிஜியின் பழங்குடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மதராஸிலிருந்து 1903 முதல் கப்பலேற்றிக் கரும்புக்குக் கொண்டுபோனவர்களின் சந்ததி வைத்த பள்ளிகள். நம் ஆட்களை ரப்பருக்கு இங்கே இறக்கினார்கள், அவர்களை அங்கே. வெள்ளைக்காரனுக்கு எல்லாம் ஒரே கணக்குப் புத்தகம்தான்.

அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பருப்பு வடை டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒரு கை ஐஸில், ஒரு கையில் வடை. நான்கு தின்றுவிட்டு மீதியை டப்பாவோடு தோழிகளுக்குக் கொண்டுபோனாள். மழை விட்டதும் ஆடினார்கள், தோற்றார்கள். தோற்ற பிறகு வட்டமாக நின்று, தோளில் கை போட்டு, தேவாலயப் பாட்டு ஒன்றைப் பல குரல்களில் பாடினார்கள். வென்ற அணியும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டது.

கிள்ளான் விசில்

உள்ளூர் ஆட்டங்களில் நடுவராக இருப்பவன் என்பதால் சொல்கிறேன். பதினைந்து பேர் ஆட்டத்தில் புள்ளியை விட்டுக்கொடுத்த அணி உதைக்கும். எழுவரில் புள்ளி எடுத்த அணி உதைக்க வேண்டும். அடி வாங்கியவனுக்குப் பந்து கிடைக்க ஒரு வழி, அவ்வளவுதான். டிரைக்குப் பிறகு, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்த பிறகு, வரும் 2 புள்ளி உதையையும் தரையில் வைத்து உதைக்கக் கூடாது, கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்போது உதைக்க வேண்டும். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த முறை கவனியுங்கள் அக்கா.

பழைய பி.ஜே.காரன்

1998 காமன்வெல்த் விளையாட்டு கோலாலம்பூரில் நடந்தபோது எழுவர் ரக்பியை முதன்முதலில் சேர்த்தார்கள். பெட்டாலிங் ஜெயா அரங்கத்துக்கு அண்ணன் என்னை அழைத்துப் போனார். நியூசிலாந்து வீரர் ஜோனா லோமுவை நேரில் பார்த்தேன். அந்த உடம்பு ஓடும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஓடியது. நியூசிலாந்து தங்கம், ஃபிஜி வெள்ளி, ஆஸ்திரேலியா வெண்கலம்.

பெண்கள் அணி எங்கே என்று அன்று எங்கள் வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். காமன்வெல்த்தில் அவர்கள் ஆட 2018 கோல்ட் கோஸ்ட் வரை ஆனது. அந்த இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், கெல்லி பிரேசியர் ஒரே ஓட்டமாக ஓடி டிரை வைத்து, நியூசிலாந்து 17-12 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. வரவேற்பறையில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். இருபது ஆண்டு தாமதம் யாருக்கு நஷ்டம் என்று அன்று தெரிந்தது.

பட்டர்வொர்த் பெண்

நான் ஆடுகிறவள். சுமாராகத்தான். வலைப்பந்திலிருந்து வந்தேன், பந்தோடு ஓடக்கூடாது என்று பள்ளியில் ஐந்து வருடம் கத்தினார்கள், இங்கே ஓடு என்கிறார்கள், சொர்க்கம்.

பினாங்குத் தீவில் ஒரு போட்டிக்கு வெளிநாட்டுக் கிளப்புகள் வந்திருந்தன. காலை ஃபெரியில் கடந்து, பசியாறாமல் போய்ச் சேர்ந்தேன். முதல் ஆட்டம் ஜப்பானியப் பெண்களோடு. என்னைவிடக் குள்ளமான ஒருத்தி பந்தோடு வந்தாள், பாய்ந்தேன். தலையை அவளுக்கு முன்பக்கம் வைத்துவிட்டேன். எங்கள் பயிற்சியாளர் நூறு முறை சொன்னது: தலை பின்பக்கம், கன்னம் அவள் இடுப்போடு. அவள் முட்டி என் காதில் இறங்கியது. சிறிது நேரம் கடல் இரைச்சலா என் காதா என்று தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து கைகொடுக்கும் வரிசையில் அவள் என்னை நிறுத்தினாள். அவளுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பான் மொழி வராது. என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, குனியவைத்து, தன் இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். பிறகு எடுத்து முன்னால் வைத்துத் தலையை ஆட்டினாள். மறுபடி பின்னால். மூன்று முறை. சாமி வந்தவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான் தலையைத் தவறாக வைத்ததே இல்லை.

வீட்டில் அம்மா காதைப் பார்த்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இலோனா மாஹரின் காணொளியைக் காட்டினேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவைக் கடைசி நொடி டிரையில் 14-12 என்று வென்று வெண்கலம் வாங்கிய அமெரிக்க அணியில் இருந்தவர். உதட்டில் சிவப்புச் சாயம், கையால் ஒருத்தியை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். அம்மா உற்றுப் பார்த்தார். "இத்தனை வியர்வையிலும் அழியவில்லையே, என்ன பிராண்ட்?"

செந்தூல் அக்கா

கிள்ளான் விசில், நன்றி, இப்போது புரிகிறது. சுத்தியல் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வடை டப்பா என்ன ஆனது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். மாலையில் அந்தப் பெண்ணே கொண்டுவந்தாள், கழுவித் துடைத்து. உள்ளே பிரிக்காத வெள்ளை டேப் சுருள் ஒன்று. என் மகளுக்காம். அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் பாத்திரமாகக் கொடுக்கவில்லை பார்" என்றார்.