அம்மாவிடம் காட்ட மறைக்கல்வி நூலின் ஒரு பக்கம் தேவை

யாழ்ப்பாணம் பாசையூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டு பதினான்கு மாதங்களாகின்றன. அன்று முதல் 76 வயது அம்மா, "அவனுக்கு மோட்சமில்லை" என்றே அழுகிறார். பூசைக்குப் போகிறார், நற்கருணை வாங்குவதில்லை. மூன்று மாதமாக இரவில் எதுவும் உண்பதுமில்லை.

பங்குத்தந்தை இருமுறை வீட்டுக்கு வந்து பேசினார். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2இல் தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பரைப் பற்றி லூக்கா 15இலிருந்து வாசித்தேன். "அது உயிரோடு இருந்த ஆடு, பிள்ளை" என்றார் அம்மா. எனக்குப் பேச்சு வரவில்லை.

அம்மாவின் பயம் வெறும் பிடிவாதமல்ல. அவர் சிறுமியாக இருந்தபோது நடைமுறையிலிருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்தே இப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2282ஆம் எண், கடும் மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. இவர்களுடைய மீட்பில் நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்கிறது 2283. தம்பி இரண்டு வருடம் மனநோயோடு போராடியவன். கடவுள் அவனைக் கைவிட்டிருக்கமாட்டார் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஆனால் அம்மா அதை அச்சில், தமிழில் பார்த்தால்தான் ஏற்பார். என்னிடம் ஆங்கிலப் பிரதி மட்டுமே உண்டு. நகரில் இரண்டு புத்தகக்கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை.

அந்நூலின் தமிழ்ப் பதிப்பை யாழ்ப்பாணத்தில் யாராவது ஒருநாள் இரவல் தருவீர்களா?