புதுப்பிப்பு: அம்மாவின் ரேஷன் கார்டு 'முன்னுரிமையற்றது' என்று காட்டிய விஷயம்

போன வாரம் எழுதியிருந்தேன்: பொது விநியோகத் திட்டச் செயலியில் அம்மாவின் கார்டு என்.பி.எச்.எச், அதாவது முன்னுரிமையற்ற குடும்பம் என்று காட்டியது. இனி அரிசி கிடையாதோ என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

நேற்று வட்ட வழங்கல் அலுவலகம் போய்க் கேட்டுவிட்டேன். அரிசி நிற்கவில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்காகத்தான் கார்டுகளை இப்படிப் பிரித்தார்கள். ஆனால் இங்கே எல்லோருக்குமான விநியோகம் தொடர்வதால், முன்னுரிமையற்ற அரிசிக் கார்டுக்கும் விலையில்லா அரிசி உண்டு.

கவனிக்க வேண்டியது என்.பி.எச்.எச் என்பதற்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான். 'எஸ்' இருந்தால் சர்க்கரை கார்டு, அரிசி வராது. 'என்.சி' என்றால் எந்தப் பொருளும் இல்லை. மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் மாதம் 35 கிலோ அரிசி. கார்டிலேயே இந்தக் குறியீடு அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அம்மாவுடையதில் 'எஸ்' இல்லை, 'என்.சி'யும் இல்லை.

'முன்னுரிமையற்றது' என்பதற்குப் பக்கத்தில் 'அரிசி உண்டு' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். தனியாக இருக்கும் வயதானவர்கள் இதைப் பார்த்தால் எவ்வளவு பயப்படுவார்கள்!

அப்புறம், ரேஷன் உதவி எண் 1967-க்கு அழைக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. இன்று காலை அம்மா பையை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்துவிட்டார்.