டிடிஏ2030-க்கு 12-0-12 டிரான்ஸ்பார்மர்: போடலாமா, கூடாதா?

வெண்ணாறு:
"டிடிஏ2030 ரெண்டு, 12-0-12 மூணு ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், கண்ணை மூடிட்டுப் போடலாம்"னு நேத்து குடவாசல் சால்டர் எழுதியிருக்கார். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய இடமே அதுதான். டிடிஏ2030 பாட்டு ஆம்ப்ளிஃபையர் ஐசி; 12-0-12-ன்னா நடுக்கம்பியிலேர்ந்து ரெண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி தர்ற டிரான்ஸ்பார்மர். அந்த ஐசி தாங்குற உச்சம் பிளஸ் மைனஸ் 18 வோல்ட் டிசி. நம்ம ஊர் ராத்திரி கரண்ட்ல 12-0-12 அதைத் தாண்டும். இதை நம்பிப் பசங்க ஐசி வாங்கி வாங்கி எரிப்பாங்க. 9-0-9 போடுங்க.

குடவாசல் சால்டர்:
ஏசியை டிசியா மாத்தினா உச்ச வோல்ட் வரும்; அதுக்கு 12-ஐ 1.414-ஆல பெருக்கினா 17. டையோடுல 0.7 போனா 16.3. பதினெட்டுக்குள்ளதானே இருக்கு? பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் இது.

வெண்ணாறு:
நீங்க சொல்ற 12, லைன்ல 230 வந்து, மூணு ஆம்பியரும் முழுசா இழுக்கும்போது வர்ற 12. பாட்டு ஓடாம சும்மா இருந்தா சின்ன டிரான்ஸ்பார்மர்ல சுமார் பத்து சதவீதம் ஏறி 13.2 நிக்கும். அலுமினியக் கம்பி சுத்தினதுன்னா இன்னும் கூட. வயல் மோட்டார் எல்லாம் ஓடும்போது லைன் 180-க்கு இறங்குது, நின்னதும் 250-க்குப் போகுது. அப்போ 13.2 என்பது 14.3. பெருக்கி, டையோடைக் கழிச்சா 19.5. ஐசிக்கு 18.

குடவாசல் சால்டர்:
எங்க தெருவுல 250 வந்ததே கிடையாது. 16.3.

கடலோரம்:
ரெண்டு பேரும் வோல்ட்டையே பிடிச்சுத் தொங்குறீங்க. கோளாறு மைக்கா ஷீட்ல, அதான் ஐசிக்கும் சேசிஸுக்கும் (இரும்புப் பெட்டிக்கும்) நடுவுல கரண்ட் கடத்தாம வைக்கிற தகடு. இந்த ஐசி முதுகுத் தகடு மூணாவது காலோட, அதாவது மைனஸ் சப்ளையோட சேர்ந்திருக்கு. மைக்கா இல்லாம சேசிஸ்ல போல்ட் பண்ணி, சேசிஸைக் கிரவுண்ட் பண்ணினா நேரா ஷார்ட். மைக்காவுக்கு ரெண்டு பக்கமும் ஹீட்சிங்க் பேஸ்ட் தடவணும், போல்ட்டுக்கு பிளாஸ்டிக் புஷ் போடணும். முறுக்கினதும் தகட்டுக்கும் சேசிஸுக்கும் மீட்டர் வச்சா பீப் அடிக்கக் கூடாது.

வெண்ணாறு:
மைக்கா விட்டா ஃபியூஸ் போகும், டையோடு போகும். ஐசி போறது வோல்ட்டாலதான். நான் கேட்டது 19.5-க்குப் பதில்.

குடவாசல் சால்டர்:
சரி, நீங்க சொல்ற 9-0-9 போட்டா பிளஸ் மைனஸ் 12. எட்டு ஓம் ஸ்பீக்கர்ல ஆறு வாட்ஸ். திருவாரூர் தேருக்கு சைக்கிள் சக்கரம் மாட்டச் சொல்றீங்க.

வெண்ணாறு:
ஆறுலேர்ந்து 12-0-12 தர்ற பன்னிரண்டு வாட்ஸ் ஆனா காதுக்குக் கூடுறது மூணு டெசிபல். அந்த மூணு டெசிபலுக்கு ஐசியைக் காவு கொடுக்கணுமா? நாலு ஓம் ஸ்பீக்கர் போடுங்க, 9-0-9-லயே பன்னிரண்டு வரும். 12-0-12-தான் வேணும்னா 22 வோல்ட் தாங்குற டிடிஏ2030ஏ வாங்குங்க. சாதா ஐசிமேல 'ஏ' அச்சடிச்சு விக்கிறாங்க, அதையும் பார்த்து வாங்கணும். போன மாசம் ஹம் (ஸ்பீக்கர் உறுமல்) பிரச்சினையிலும் இவர் இப்படித்தான், ஸ்டார் கிரவுண்ட் தேவையில்லைன்னு கடைசிவரை நின்னார்.

குடவாசல் சால்டர்:
தேவையில்லைன்னு நான் சொல்லல. ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டும் சேர்ற இடத்துல எல்லா கிரவுண்டும் வந்தா போதும்னு சொன்னேன். எழுதினதைப் படிக்காம சண்டைக்கு வர்றது உங்க வழக்கம்.

வெண்ணாறு:
அதுக்குப் பேர்தான் ஸ்டார் கிரவுண்ட்.

மன்னை மாணவன்:
அண்ணே, 12-0-12 ஏற்கெனவே வாங்கியாச்சு. இப்ப என்ன செய்யணும்?

வெண்ணாறு:
தம்பி, ஐசியை மாட்டாதே. டையோடு பிரிட்ஜும் ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டும் மட்டும் போடு. கெப்பாசிட்டர் 4700 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட். விலை குறைவுன்னு 16 வோல்ட் வாங்கினா வெடிக்கும். முதல் தடவை லைன்ல 60 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணு. பல்பு ஒரு மின்னு மின்னி அணைஞ்சா சரி, எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட். அப்புறம் பல்பை எடுத்துட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஒவ்வொரு கெப்பாசிட்டர்லயும் மீட்டர் வச்சு டிசி பாரு. 17-ஐத் தாண்டினா 2030ஏ வாங்கு, இல்ல டிரான்ஸ்பார்மரை மாத்து. ஆஃப் பண்ணிட்டு ரெண்டு கெப்பாசிட்டரையும் 1 கே ரெசிஸ்டர் வச்சு அரை நிமிஷம் இறக்கின பிறகுதான் ஐசியை வைக்கணும். ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி நாலாவது காலுக்கும் (அவுட்புட்) கிரவுண்டுக்கும் டிசி பாரு. ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட்னு காட்டினா மாட்டாதே, காயில் கருகிடும்.

குடவாசல் சால்டர்:
தம்பி, அவர் சொல்லாம விட்டது முக்கியமானது. ஐசி சாகுறது ஆசிலேஷன்ல, அதாவது பாட்டே இல்லாம தானா அலை எழுப்பி ஆடுறதுல. ஃபீட்பேக்ல 22 கே, 680 ஓம்னு டேட்டாஷீட்லயே இருக்கு, கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும்னு) 33 வரும். சத்தம் அதிகம்னு 680-ஐ எடுத்துட்டு 2.2 கே போட்டா கெயின் 11-க்கு இறங்கிடும். 24 டெசிபலுக்கு, அதாவது கெயின் சுமார் 16-க்குக் கீழ போனா இந்த ஐசி ஆசிலேட் ஆகும், பாட்டே இல்லாம கொதிக்கும். 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் சப்ளைக் கால்கள்ட்ட ஒட்டியே இருக்கணும். அவுட்புட்ல 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோ கெப்பாசிட்டரும் சீரிஸ்ல கிரவுண்டுக்குப் போகணும். இதைச் செஞ்சா 12-0-12 தாராளமா ஓடும்.

வெண்ணாறு:
எல்லாம் சரி, கடைசி வரி தப்பு. தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடும் லைன் கடைசி வீடும் ஒண்ணா? உங்க தெருவுல வராத 250 அவன் தெருவுல வரும். 19.5.

குடவாசல் சால்டர்:
16.3.

கடலோரம்:
மைக்கா போட்டாச்சான்னு அந்தப் பையனை யாராவது கேட்டீங்களா?

மன்னை மாணவன்:
சரி, 9-0-9-க்கே மாத்திடுறேன். எத்தனை ஆம்பியர்?

வெண்ணாறு:
ரெண்டு போதும்.

குடவாசல் சால்டர்:
நாலு ஓம் ஸ்பீக்கர் போடச் சொன்னதே நீங்கதான். ஸ்டீரியோவுக்கு ரெண்டு ஆம்பியர் எப்படிப் போதும்? மூணு வாங்கு தம்பி.

வெண்ணாறு:
எட்டு ஓமுக்குச் சொன்னேன். மேல போய் முழுசாப் படிங்க.