சுற்றுச்சூழல் சட்டங்கள் இருக்கும்போது, நச்சுக்கழிவை மனித உரிமைப் பிரச்சினையாக அணுகுவதால் என்ன பயன்?

தேன்மொழி (கேள்வி):
வணக்கம். ஓர் ஆலை எவ்வளவு புகை வெளியிடலாம், கழிவுநீரில் ஈயமும் பாதரசமும் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் வரம்புகள் உள்ளன. மீறினால் அபராதமும் உண்டு. அப்படியிருக்க, நச்சு மாசுபாட்டை மனித உரிமை மீறல் என்று சொல்வதால் பாதிக்கப்பட்டவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன? தூய்மையான, நலமான சுற்றுச்சூழலை மனித உரிமையாக ஏற்று ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை 28 அன்று 161 நாடுகளின் ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதால் இந்த ஐயம் எழுகிறது.

இளங்கோவன்:
வரம்பு மீறப்பட்டதா என்பது பெரும்பாலும் ஆலைக்கும் கண்காணிப்பு வாரியத்துக்கும் இடையிலான விவகாரமாகவே முடிந்துவிடுகிறது. அபராதம் கட்டப்பட்டாலும் அது அரசுக் கருவூலத்துக்குத்தான் போகிறது. உரிமை என்று வந்தபின், ஆலைக்கு அருகே குடியிருப்பவரே மனுதாரர் ஆகிறார். கண்டும் காணாமல் இருந்த அரசு பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறது.

ஸ்பெயினின் லோர்கா நகரில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று உரிய உரிமம் இல்லாமலேயே ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து சில மீட்டர் தொலைவில் 1988இல் இயங்கத் தொடங்கியது. அந்த வழக்கில் 1994இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கடுமையான மாசுபாடு ஒருவரின் உடல்நலத்துக்குப் பெருந்தீங்கு விளைவிக்காவிட்டாலும்கூட, அவர் தம் வீட்டில் நிம்மதியாக வாழும் உரிமையைப் பறிக்கக்கூடும் என்று கூறியது. நோயை மருத்துவச் சான்றுடன் நிறுவினால்தான் நீதி கிடைக்கும் என்ற நிலையைத் தளர்த்தியதால், இதை மிக முக்கியமான தீர்ப்பாகக் கருதுகிறேன். தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது சரிதான். ஆனால் உயிர்வாழும் உரிமையும் இல்ல வாழ்வுக்கான உரிமையும் ஏற்கெனவே நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளில் உள்ளன.

மலர்விழி:
இளங்கோவன் தொட்ட சான்று பற்றிய செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நச்சு வழக்குகள் பலவும் தோற்பது அங்கேதான். ஜப்பானின் கடலோர நகரமான மினமாட்டாவில், ஆலைக்கழிவு கலந்த கடலின் மீனை உண்டவர்களின் நரம்புகளைத் தாக்கிய நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. பாதரசமே காரணம் என்று குமாமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் சுட்டிக்காட்டினர். ஆயினும் அரசு அதை முறைப்படி ஏற்றது 1968இல்தான். அதுவரை கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது, மக்களும் அந்த மீனை உண்டுவந்தனர். முழு நிச்சயம் வரும்வரை காத்திருப்போம் என்ற நிலைப்பாடு பார்ப்பதற்கு நடுநிலைபோலத் தோன்றினாலும், அந்தக் காத்திருப்பின் விலையை முழுவதுமாகச் செலுத்தியவர்கள் மீனவக் குடும்பங்களே.

பராகுவேயில் விவசாய நச்சுமருந்துத் தெளிப்புக்குப் பின் ஒருவர் இறந்து, மற்றவர்கள் நோயுற்ற வழக்கில், ஐ.நா. மனித உரிமைக் குழு 2019இல் வேறொரு பார்வையை முன்வைத்தது. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் தன் சொந்த விதிகளையே நடைமுறைப்படுத்தாத அரசு, உயிர்வாழும் உரிமையை மீறியது என்று அது முடிவு செய்தது.

அன்வர்:
கழிவு எல்லை கடக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். 1988இல் நைஜீரியாவின் கோகோ என்ற ஊரில் இத்தாலியிலிருந்து வந்த நச்சுக்கழிவுப் பீப்பாய்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இத்தகைய சம்பவங்களின் பின்னணியில் 1989இல் பேசல் உடன்படிக்கை உருவானது. அபாயகரமான கழிவை ஏற்றுமதி செய்வதற்கு முன் பெறும் நாட்டின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. ஆனால் ஒப்புதல் தருவது அரசு. கழிவு கொட்டப்படும் இடத்தில் வாழ்பவர்களை யாரும் கேட்பதில்லை. இந்த இடைவெளியை உரிமை என்ற பார்வைதான் வெளிக்கொணர்கிறது. நச்சுக்கழிவு குறித்து 1995இல் ஐ.நா. நியமித்த சிறப்பு அறிக்கையாளரின் (ஆராய்ந்து அறிக்கை தரும் தனிச்சார்பற்ற வல்லுநரின்) பொறுப்பு முதலில் சட்டவிரோதக் கடத்தலையும் கொட்டுதலையும் சார்ந்ததாக இருந்தது. 2011இல்தான் அது அபாயகரமான பொருள்களின் உற்பத்தி முதல் அகற்றல் வரையான முழு வாழ்க்கைச் சுழற்சிக்கும் விரிந்தது.

தேன்மொழி:
அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: அருகில் வாழ்பவர்களிடம் ஆய்வகமும் இல்லை, அளவீடுகளும் இல்லை. ஆலையைக் கேட்டால் வணிக இரகசியம் என்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

இளங்கோவன்:
தகவலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிலைத்த கரிம மாசுகள் (எளிதில் சிதையாமல் சூழலில் நெடுங்காலம் தங்கும் நச்சு வேதிப்பொருள்கள்) பற்றிய 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, மனிதர்களின் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை இரகசியமாகக் கருதக்கூடாது என்று ஒன்பதாம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே வணிக இரகசியம் என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கண்காணிப்பு வாரியத்திடம் அளவீடுகளை எழுத்து மூலம் கேளுங்கள். மறுப்பையும் எழுத்து மூலமே பெறுங்கள். அந்த மறுப்பே பின்னாளில் சான்றாகலாம். இத்தாலியின் மன்ஃப்ரெடோனியா நகரத்துப் பெண்கள் அருகிலிருந்த இரசாயன ஆலை குறித்துத் தொடுத்த வழக்கில், ஆலையின் ஆபத்துகள் பற்றிய இன்றியமையாத தகவலை மக்களுக்குத் தராமலிருந்ததே உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது.