ரெண்டு அடி வச்சா மாட்டிக்கிறேன்... ஸ்நேக் ஈட்டர் எனக்கு செட் ஆகாதா?

தூங்காவிழி

மக்களே, இதுவரைக்கும் சுட்டுத்தள்ற கேம் மட்டுமே ஆடுன ஆளு நான். ஒளிஞ்சு ஒளிஞ்சு போற வகைல இதான் முதல் தடவ. மெட்டல் கியர் சாலிட் டெல்டா, அதாவது 2004ல வந்த ஸ்நேக் ஈட்டரோட ரீமேக், போன வாரம் ஆரம்பிச்சேன். முந்தின பார்ட் எதுவும் ஆடல, கதைப்படி இது 1964ல நடக்குது, இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடின்னு சொன்னாங்க, சரின்னு இறங்கிட்டேன்.

பிரச்சனை என்னன்னா, கேம்ல நாம மீட்க வேண்டிய ஒரு விஞ்ஞானிய அடைச்சு வச்சிருக்கற இடிஞ்ச கட்டடம் இருக்குல்ல, ராஸ்வெட், அங்கேயே ரெண்டு நாளா நிக்கறேன். புல்லுக்குள்ளதான் போறேன், ஆனாலும் எங்கிருந்தோ ஒருத்தன் பாத்துடறான், டொய்ங்னு அந்த அலர்ட் சத்தம் வந்ததும் எனக்கு கை நடுங்கி உடனே பழைய சேவ்க்கு போயிடறேன். முப்பது தடவயாவது ரீலோட் பண்ணிருப்பேன். நடுவுல நடுவுல சினிமா மாதிரி நீளமா காட்சி வேற ஓடுது, ரேடியோல பேசிக்கிட்டே இருக்காங்க, அதெல்லாம் ஸ்கிப் பண்ணலாமா? இல்ல இந்த வகை கேமே நமக்கு ஒத்து வராதுன்னு டெலீட் பண்ணிடவா? கதைய மட்டும் யாரும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

முட்புதர்

புல்லுக்குள்ள இருக்கோம்னு நீங்க நெனச்சா பத்தாது ப்ரோ, ஸ்க்ரீன்ல ஒரு சதவீதம் ஓடுதே, கேமோ இண்டெக்ஸ், அதாவது நீங்க எவ்ளோ மறைஞ்சிருக்கீங்கங்கற அளவு, அது என்ன சொல்லுதோ அதான் கணக்கு. புல்லுல ஓடுனீங்கன்னா அது தரைமட்டத்துக்கு இறங்கிடும், சில நேரம் மைனஸ்ல கூட போகும். அதே புல்லுல குப்புற படுத்து அசையாம இருந்தா எகிறிடும். போட்டிருக்கற ட்ரெஸ்ஸும் மூஞ்சில பூசின சாயமும் ரெண்டும் சேந்துதான் அந்த நம்பர் வரும், பாதிப் பேரு ட்ரெஸ்ஸ மட்டும் மாத்திட்டு மூஞ்சிய மறந்துடறாங்க. புல்லுல லீஃப் ட்ரெஸ், மரத்த ஒட்டி நின்னா ட்ரீ பார்க் ட்ரெஸ், அவ்ளோதான். ஒவ்வொரு தடவையும் மெனுவுக்கு போக சோம்பேறித்தனமா இருந்தா ரீமேக்ல சீக்கிரமா மாத்திக்க வழி வச்சிருக்காங்க, அத பழகிக்கோங்க. முதல்ல ட்ரெஸ்ஸப் பாருங்க, அப்புறம் டெலீட் பண்றதப் பத்தி பேசலாம்.

பழைய டிஸ்க்

டெலீட் பண்ணாதீங்க தம்பி. ஆனா அந்த ரீலோட் பழக்கத்த இன்னிக்கே விடுங்க, உங்க வியாதியே அதான்னு எனக்கு தோணுது. முப்பது தடவ ரீலோட் பண்ணிருக்கீங்க, அதாவது மாட்டினதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு ஒரு தடவ கூட நீங்க பாத்ததில்ல. இந்த கேம்ல பாதி வேடிக்கை அங்கதான் இருக்கு.

அந்த சத்தம் வந்த உடனே உலகம் முடிஞ்சிடல. பாத்தவன் முதல்ல ரேடியோவ எடுத்து மேலிடத்துக்கு சொல்லணும், அப்பதான் கூட்டமா ஆள் வரும். அந்த ரெண்டு மூணு செகண்ட் உங்களுது, அவன தூங்க வைக்கலாம், இல்லன்னா அவன் இடுப்புல தொங்கற ரேடியோவையே சுட்டு உடைக்கலாம், அப்புறம் அவன் கத்திக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அப்படியே ஆள் வந்துட்டாலும் ஓடி அவங்க பார்வைய விட்டு மறைஞ்சிட்டீங்கன்னா அலர்ட் போயி தேடற கட்டம் வரும், ஒரு நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும் பாருங்க, அது முடிஞ்சா உஷார் நிலைமை, அதுவும் தணிஞ்சா பழையபடி அவனவன் ரோந்துக்கு போயிடுவான். இன்னொரு கில்லாடித்தனம் இருக்கு, ஒருத்தன பின்னாடி வந்து புடிச்சு விசாரிச்சா சில பேரு அவங்க ரேடியோ அலைவரிசைய உளறிடுவாங்க. அப்புறம் அலர்ட் வந்தா அந்த நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு அவங்க ஆளு மாதிரி பேசி எல்லாரையும் திரும்ப அனுப்பிடலாம். முதல் தடவ நான் இத பண்ணப்ப தனியா உக்காந்து சிரிச்சேன்.

நான் ஆடுனது பிஎஸ்2ல, கேமரா மேலருந்து ஒரே கோணத்துல பாக்கும், எதிர்ல வர்றவன் யாருன்னே பாதி நேரம் தெரியாது. குந்திக்கிட்டே நடக்கறது கூட அப்ப கிடையாது, நின்னு போகணும் இல்ல தவழணும். நாமளே கேமராவ சுத்திக்கற வசதி அப்புறம் வந்த சப்ஸிஸ்டன்ஸ் பதிப்புலதான் வந்துச்சு. பிஎஸ்2ல இன்னொரு கூத்து, ஆள கழுத்த புடிச்சிருக்கறப்ப வட்ட பட்டன லேசா அழுத்தினா வெறும் பிடி, கொஞ்சம் பலமா அழுத்திட்டா கழுத்தறுப்பு! விசாரிக்கலாம்னு புடிச்ச எத்தன பேர பதட்டத்துல தெரியாம அனுப்பி வச்சேன்னு கணக்கே இல்ல. நீங்க டெல்டால நியூ ஸ்டைல்ல ஆடறீங்களா, இல்ல அந்த பழைய கேமரா மாதிரியே இருக்கற லெகசி ஸ்டைலா? லெகசின்னா முதல்ல அத மாத்துங்க, புதுசா வர்றவங்களுக்கு அது தேவையில்லாத தண்டனை.

ஒரு பழைய சேதியும் சொல்லிடறேன். எம்எஸ்எக்ஸ்2ங்கற பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு போர் கேம் செய்யச் சொல்லி, இந்த சீரிஸ உருவாக்குன கோஜிமாகிட்ட கொடுத்திருக்காங்க, அந்த மெஷின்ல ஒரே ஸ்க்ரீன்ல நிறைய எதிரியையும் குண்டுகளையும் காட்ட முடியல, சரி சண்டைய குறைச்சுட்டு ஒளிஞ்சு தப்பிக்கற கேமாவே பண்ணிடலாம்னு மாத்திட்டாரு. 1987ல வந்த முதல் மெட்டல் கியரே அப்படி பொறந்ததுதான்.

கத்தியின்றி

பழைய டிஸ்க் அண்ணன் சொல்றதுல ரீலோட் மேட்டர் மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. அலர்ட் இல்லாம முடிக்கறதுதான் எனக்கு கிக்கு, ஒரு ஏரியாவுக்கு இருபது தடவ ரீலோட் பண்றது நான் விரும்பி பண்றது, அத யாரும் வியாதின்னு சொல்ல வேணாம் 😄 ஆனா அது ரெண்டாவது ரவுண்டுக்கு. முதல் ரவுண்டுல அவர் சொல்ற மாதிரி போங்க, அதுல நானும் கை தூக்கறேன்.

நான் சொல்ல வந்தது துப்பாக்கி பத்தி. கைல இருக்கற எம்கே22 கேம்ல மயக்க ஊசி போடற வகை, நிஜ உலகத்துலயும் அது அமெரிக்க கடற்படை ஆளுங்க வியட்நாம் காலத்துல வச்சிருந்த துப்பாக்கிதான், காவல் நாய்ங்கள சத்தமில்லாம அடக்கறதுக்குன்னு வந்ததால ஹஷ் பப்பின்னு செல்லப்பேரு. தலைல பட்டா உடனே சாய்வான். உடம்புல பட்டா தூக்கம் வர்றதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள அவன் உங்களப் பாத்து ஊரக் கூட்டிடுவான், நீங்க மாட்டறது பெரும்பாலும் இப்படித்தான்னு நான் பந்தயமே கட்டுவேன். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைட இழுத்து விடணும், அதனால முதல் குண்டு தப்புச்சுன்னா அடுத்தது வர்றதுக்குள்ள காரியம் கெட்டுடும். சப்ரஸர், அதாவது துப்பாக்கி சத்தத்த அடக்கற குழாய், தேஞ்சு போற சாமான், கண்ணுல பட்ட எல்லாரையும் சுட்டுக்கிட்டே போனா நடுக்காட்டுல சப்ரஸர் இல்லாம நிப்பீங்க. ரெண்டு பேர் காவல்னா ஒருத்தன சுட்டு ஒருத்தன விட்டுட்டு போங்க, எல்லாரையும் துடைச்சுட்டுத்தான் போகணும்னு சட்டம் இல்ல.

அப்புறம், கொல்லாம ஆடுங்க. ஏன்னு கேக்காதீங்க, பின்னாடி ஒரு ஆறு வரும், அங்க நீங்க பண்ணதெல்லாம்

மைனா

@கத்தியின்றி நிறுத்துங்க நிறுத்துங்க!! அவர் ஸ்பாய்லர் வேண்டாம்னு கேட்டிருக்காரு.

கத்தியின்றி

சாரி, அதோட நிறுத்திக்கிட்டேன். ஆனா கொல்லாதீங்க.

மைனா

காட்சிகளப் பத்தி யாருமே பதில் சொல்லலயே. ஸ்கிப் பண்ணலாம், யாரும் கேக்கப் போறதில்ல, ஆனா இந்த கேம்ல ஸ்கிப் பண்ணா கடைசி சண்டை வெறும் பட்டன் தட்டறதா போயிடும். அந்த சண்டைக்கு பத்து நிமிஷம்தான் டைம், அந்த பத்து நிமிஷத்துல என் கை சும்மா வேலை செய்யல, அதுவரைக்கும் பாத்த அத்தன காட்சியும் சேந்து கைய இழுத்துச்சு. நான் அழுதேன், ஒத்துக்கறேன். இத்தோட நிறுத்தறேன், இல்லன்னா நானே ஸ்பாய்லர் ஆயிடுவேன்.

காட்சி ஓடறப்ப சும்மா உக்காராதீங்க, மூலைல சில நேரம் ஆர்1னு வரும், அந்த பட்டன அழுத்தினா நாம ஆடற ஹீரோ ஸ்நேக்கோட கண்ணு வழியா பாக்கலாம், சில இடத்துல மத்தவங்க யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியும். என்னன்னு சொல்ல மாட்டேன்.

ரேடியோவும் அறுவை இல்ல. புது பாம்போ தவளையோ புடிச்சா ரேடியோல வர்ற டாக்டரம்மா பாரா மெடிக்குக்கு கூப்பிடுங்க, எது விஷம், எது தின்னலாம்னு சொல்வாங்க, ஸ்நேக் எத எடுத்தாலும் கேக்கற ஒரே கேள்வி டேஸ்ட் எப்படி இருக்கும்ங்கறதுதான் 😂 சேவ் பண்ண கூப்பிட்டா சினிமாக் கதை பேச ஆரம்பிச்சிடுவாங்க. சாப்பாட்ட சாதாரணமா நெனைக்காதீங்க, ஸ்டாமினா குறைஞ்சா குறி பாக்கறப்ப கை ஆடும், வயிறு கடாமுடான்னு சத்தம் போட்டு அதக் கேட்டே காவல்காரன் வருவான். இது அவங்களுக்கும் பொருந்தும்ங்கறதுதான் அழகு, பின்னாடி வர்ற ஏரியாக்கள்ல அவங்க சாப்பாட்டுக் கிடங்க வெடி வச்சு தகர்த்துட்டா அந்தப் பக்கம் காவலுங்க பசில சோர்ந்து போயிடுவாங்க, நீங்க கெட்டுப்போன சாப்பாட்ட தூக்கிப் போட்டா கூட எடுத்து தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பாவமா இருக்கும்.

தூங்காவிழி

எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரமா ஆளையே காணோம்னு நெனச்சிருப்பீங்க, ஆடிக்கிட்டு இருந்தேன் 😅

பழைய டிஸ்க் அண்ணா, லெகசிலதான் ஆடிக்கிட்டு இருந்திருக்கேன், பழைய ஸ்டைல்தான் உண்மையான அனுபவம்னு யாரோ சொன்னத நம்பி. மாத்தினதும் பாதி பிரச்சனை போச்சு. கத்தியின்றி ப்ரோ பந்தயத்துல ஜெயிச்சாச்சு, நான் எல்லாரையும் நெஞ்சுலதான் சுட்டுக்கிட்டு இருந்தேன், அவனுங்க தடுமாறிக்கிட்டே வந்து என்னப் பாத்துட்டு அப்புறம் தூங்கியிருக்கானுங்க.

ராஸ்வெட்ல அன்னிக்கும் மாட்டினேன். ஆனா ரீலோட் பண்ணல. ஓடிப்போய் சுவரோரம் புல்லுல குப்புற படுத்துட்டேன், மூஞ்சில சாயம் ஏற்கனவே பூசியிருந்தேன். நாலு பேர் தேடிக்கிட்டு வந்தானுங்க, ஒருத்தன் என் தலைக்கு ரெண்டடி தள்ளி வந்து நின்னான், கன்ட்ரோலர கீழ வச்சுட்டேன், எங்க தெரியாம கை பட்டு அசைஞ்சிடுவேனோன்னு. மூச்சக் கூட அடக்கிட்டு உக்காந்திருந்தேன், நான் மூச்சு விட்டா அவனுக்கு கேக்காதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. அவன் எதையோ முணுமுணுத்துட்டு போனான். சுட்டுத்தள்ற கேம்ல ஆயிரம் பேர அடிச்சப்ப கூட இப்படி ஒரு படபடப்பு வந்ததில்ல.

இப்ப கதைல ரொம்ப தூரம் போயி ஒரு இருட்டு குகைக்குள்ள இருக்கேன். முதல்ல எதுவுமே தெரியல, சுருட்டு பத்த வச்சு அந்த வெளிச்சத்துல தடவித் தடவி போனேன். ஒரு சந்தேகம், இங்க மின்னுற காளான் ஒண்ணு கெடைச்சுது, சாப்பிட்டேன், கேம்ல கருவிங்களுக்கான பேட்டரி ஏறுன மாதிரி இருந்துச்சு. நெஜமாவே ஏறுதா இல்ல எனக்கு தூக்கம் கெட்டதால அப்படி தெரியுதா?

மைனா

நெஜமாவே ஏறும். அதப் பத்தி பாரா மெடிக்குக்கு இப்பவே கூப்பிட்டு கேளுங்க.

பழைய டிஸ்க்

குகைய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி சேவ் பண்ணிக்கோங்க தம்பி. நானே ரீலோட் பண்ண சொல்ற ஒரே இடம் அதான்.

கத்தியின்றி

ஹாஹா அண்ணன் கட்சி மாறிட்டாரு.