ஜெர்மனி வருகிறவர்கள் கவனத்துக்கு: கார்டைவிட சிம் முக்கியம்

கேள்வி: அண்ணா, செப்டம்பர் கடைசியில் முதுகலைப் படிப்புக்கு வருகிறேன். விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டாகிவிட்டது. கையிலும் பணம் எடுத்து வர வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும் தம்பி. அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகத்தான் இறங்கும். அதை வாங்க இங்கே பெரும்பாலும் ஒரு நடப்புக் கணக்கு தேவை. பல வங்கிகள் அதற்கு முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். பதிவு செய்ய வீடு வேண்டும், வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார். ஆக, பணத்தை எடுக்கவே பணம் வேண்டும். (முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டத்தில் இடம் உண்டு. இதை வீட்டுக்காரர் தானாக வந்து சொல்ல மாட்டார்.)

இரண்டு மாதச் செலவுக்காவது ஏற்பாட்டோடு வாருங்கள். கொஞ்சம் யூரோ நோட்டு, மீதி யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. சின்ன பேக்கரிகளில் இன்றும் ரொக்கம்தான். சில கடைகள் கார்டு என்று சொல்வது ஜெர்மன் வங்கி கார்டை மட்டும். நம் ஊர் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் செயலியில் அதை இயக்கிவிடுங்கள்.

ஏ.டி.எம். திரை ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று பரிவோடு கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைப்பார். உங்கள் வங்கி வைப்பதைவிட அது பெரும்பாலும் மோசம்.

கேள்வி: இந்திய சிம்மை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரலாமா? ஓ.டி.பி. வந்தால் சொல்லிவிடுவார்கள்.

பதில்: நான் செய்த அதே தவறு! திருச்சியில் அப்பாவிடம் விட்டு வந்தேன். ஒரு ஜனவரி மாலை ஆறு மணிக்கு வாடகை முன்பணத்துக்காகப் பணம் அனுப்ப உட்கார்ந்தேன். அங்கே இரவு பத்தரை. அப்பாவை எழுப்பி, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்களையும் நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூன்றாவது முறையில் கணக்கே முடங்கியது. பல வங்கிச் செயலிகள் சிம் அதே கைபேசியில் இருந்தால்தான் திறக்கும். அப்பா எவ்வளவு வேகமாகப் படித்தாலும் அங்கே பயனில்லை.

இரட்டை சிம் கைபேசியில் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிடுங்கள். ரீசார்ஜ் தவறவிடாதீர்கள். 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண் பறிபோகலாம்; பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும்.

கேள்வி: மாணவன்தானே, பழைய சேமிப்புக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி படிக்கப் போகிறவரும் வெளிநாடு வாழ் இந்தியர்தான். வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடு வாழ்வோர் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்றுங்கள். அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள் என்பது எரிச்சல்தான். இங்கே சம்பாதித்து அனுப்பும் காலம் வந்ததும் என்.ஆர்.இ. கணக்கும் (வெளிநாட்டு வருமானத்தை ரூபாயில் வைக்கும் கணக்கு) தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஜெர்மனியில் உண்டு, ஆண்டு வரிக் கணக்கில் காட்ட வேண்டும். படிவங்களில் வங்கிக் கிளையில் இருக்கும் அதே கையெழுத்தைப் போடுங்கள்.