ஏரி சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுக்க ஜேசிபி வேணும்

வணக்கம் மக்களே. பாலக்கோடு பக்கம் எங்க ஊர் ஏரியில ஞாயித்துக்கிழமை தோறும் சீமைக்கருவேலம் வெட்டிட்டு இருக்கோம். காலேஜ் பசங்களும் சில பெரியவங்களும்தான் ஆளு. கொடுவாளால வெட்டிப் பிரயோசனமே இல்ல. ஒரு மழை பெஞ்சா அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாத் துளிர் விடுது. போதாததுக்கு ஆடு நெத்தைத் தின்னுட்டுப் போடற புழுக்கையிலயும் முளைக்குது. (இதை ஆட்டுக்காரங்ககிட்ட சொன்னா நம்மளத்தான் மொறைக்கறாங்க!)

டீசல் காசு நாங்க போட்டுக்கறோம். வாடகை குறைச்சு வர்ற ஜேசிபிக்காரங்க தர்மபுரி, காரிமங்கலம் பக்கம் இருந்தா சொல்லுங்க. மேற்கு மூலை மரங்கள்ல கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கு, அதை இப்போ தொடமாட்டோம்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி கரையில புங்கன், நீர்மருது, நாவல் வைக்கணும். இடுப்பு உயரக் கன்னு எந்த நர்சரியில கிடைக்கும்? வெட்டின மரத்தை ஏலம் விடற முறை தெரிஞ்ச அண்ணன்மாரும் கொஞ்சம் விவரம் சொல்லுங்க.